அறுபது நிமிட வீரர்கள் எங்கே போனார்கள்?

1943 நவம்பர் 14 அன்று அமெரிக்காவின் தேசியக் கால்பந்து லீக்கில் வாஷிங்டன் அணியும் டெட்ராய்ட் அணியும் மோதின. வாஷிங்டனின் சாம்மி பா அந்த ஆட்டத்தில் நான்கு டச்டவுன் பாஸ்களை வீசினார். பந்து எதிரணியின் கைக்குப் போனதும் அவர் வெளியே போய் உட்காரவில்லை. தற்காப்பின் பின்வரிசையில் நின்று, டெட்ராய்ட் வீசிய பாஸ்களில் நான்கை இடைமறித்துப் பிடித்தார். அந்தப் பருவம் முடிந்தபோது பாஸ் வீசுவதில் லீக்கின் முதல்வர் அவர். 11 இடைமறிப்புகளோடு தற்காப்பிலும் முதல்வர் அவரே. பந்தைத் தொலைவுக்கு உதைத்து அனுப்புவதிலும் அவரை மிஞ்ச ஆளில்லை. இன்றைய அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தில் இவை மூன்று தனித்தனி ஆட்களின் வேலை. மூவருக்கும் தனித்தனிப் பயிற்சியாளர்கள் உண்டு.

பா இப்படி ஆடிய அதே ஆண்டு ஏப்ரலில்தான் லீக்கின் உரிமையாளர்கள் கூடி, அவரைப் போன்றவர்களின் காலத்தை முடித்துவைக்கப்போகும் விதி ஒன்றை நிறைவேற்றியிருந்தார்கள். யாரையும் ஒழிப்பது அவர்கள் நோக்கமாக இருக்கவில்லை. ஆள் பஞ்சத்தைச் சமாளிக்க நினைத்தார்கள், அவ்வளவுதான்.

இந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஓர் அணிக்குப் பதினொரு பேர். பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கெஜமாவது முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் இறுதிக் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுசேர்ப்பதுதான் டச்டவுன். இன்று பந்து கைமாறும் ஒவ்வொரு முறையும் இரு அணிகளின் பதினொரு பேரும் மைதானத்தைவிட்டு வெளியேற, வேறு பதினொரு பேர் உள்ளே வருகிறார்கள். தாக்குதலுக்கு ஓர் அணி, தற்காப்புக்கு ஓர் அணி, பந்தை உதைக்கும் தருணங்களுக்கு இன்னோர் அணி. ஒரு கிளப்பின் பட்டியலில் 53 பேர் இருப்பது இதனால்தான். 1940கள் வரை பெரும்பாலும் அதே பதினொரு பேர்தான் இரண்டு வேலையையும் செய்தார்கள். அறுபது நிமிட ஆட்டம் முழுவதும் களத்தில் நின்ற இவர்களைத்தான் இருவழி வீரர்கள் அல்லது அறுபது நிமிட வீரர்கள் என்பார்கள்.

இவர்கள் மறைந்ததற்கு வழக்கமாக ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது: அந்தக் காலத்து ஆட்கள் இரும்பு மனிதர்கள், இன்றைய ஆட்டத்தின் வேகத்தையும் எடையையும் யாராலும் இருபுறமும் தாங்க முடியாது. கேட்க நன்றாக இருந்தாலும், இந்த விளக்கம் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைக்கிறது.

விதி வளர்த்த உடல்கள்

தேசியக் கால்பந்து லீக் 1920இல் ஒஹாயோ மாநிலத்தின் கான்டன் நகரில் வேறொரு பெயரில் தொடங்கி, 1922இல் இன்றைய பெயரைப் பெற்றது. பெரும்பாலும் சிறு தொழில் நகரங்களின் அணிகள். கூலி குறைவு, கூட்டமும் குறைவு. 1925இல் ஓர் அணி வைத்துக்கொள்ளக்கூடிய வீரர்களின் உச்சவரம்பு 16தான். ஆட்கள் குறைவாக இருந்ததோடு மாற்றுவீரர் விதியும் கடுமையாக இருந்தது. ஒருவரை வெளியே எடுத்தால் நினைத்தபோது திரும்ப அனுப்ப முடியாது. 1930களில்கூட அடுத்த காற்பகுதி வரை காத்திருக்க வேண்டும். ஆகவே தாக்குதலில் மட்டும் வல்லவராக இருப்பவர் அணிக்குப் பாதி ஆள்தான். பந்து கைமாறிய அடுத்த நொடி அவர் எதிரணிக்குத் திறந்த வாசல் ஆகிவிடுவார்.

இந்த ஏற்பாட்டின் உச்சம் 1932 டிசம்பர் 4 அன்று வந்தது. போர்ட்ஸ்மத் அணியின் பயிற்சியாளர் பாட்ஸி கிளார்க், கிரீன் பே அணிக்கு எதிராகப் பதினொரே பேரை முழு ஆட்டமும் ஆடவைத்து 19-0 என்று வென்றார். ஒரு மாற்றுவீரர்கூட உள்ளே போகவில்லை. ‘இரும்பு மனிதர்கள்’ என்ற தொன்மத்துக்குத் தீனி போட்ட ஆட்டங்களில் இது முக்கியமானது.

தொன்மத்தை விலக்கிவிட்டுப் பார்த்தால் அங்கே ஓர் ஒழுங்கு தெரியும். இருவழி ஆட்டம் என்பது தொடர்பில்லாத இரு வேலைகளை ஒருவர் தலையில் சுமத்துவதாக இருக்கவில்லை. தாக்குதலில் ஒவ்வோர் இடத்துக்கும் தற்காப்பில் ஒரு ஜோடி இடம் இருந்தது. தாக்குதலில் நடுவில் குனிந்து பந்தைப் பின்னுக்குத் தரும் சென்டர், தற்காப்பில் முன்வரிசைக்குப் பின்னால் காவல் நிற்கும் லைன்பேக்கராக நின்றார். பாஸ் வீசுபவரும் பாஸ் பிடிப்பவரும் பின்வரிசைக்குப் போய் எதிரணியின் பாஸ்களைக் காத்தார்கள். நியூயார்க் ஜெயன்ட்ஸின் மெல் ஹைன் 1931 முதல் 1945 வரை பதினைந்து பருவங்கள் சென்டராகவும் லைன்பேக்கராகவும் ஆடினார். 1938இல் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருதும் அவருக்குத்தான். பாஸ் பிடிப்பதில் தன் காலத்தின் ஈடற்ற வீரரான கிரீன் பேயின் டான் ஹட்சன், தற்காப்பில் 30 பாஸ்களை இடைமறித்தார்.

இதிலிருந்து கிடைக்கும் முடிவு எளியது. இரண்டு வேலைக்கும் பொருந்தும் உடலைத்தான் அந்த விதி தேர்ந்தெடுத்தது. 140 கிலோ எடையுள்ள ஒருவர் தடுப்பதில் மலையாக நிற்கலாம். ஆனால் அறுபது நிமிடமும் ஓட வேண்டுமென்றால் அந்த எடையே அவருக்குச் சுமை. அதனால் அத்தகைய உடலுக்கு அன்று சந்தையே இல்லை. மாற்றுவீரர் விதி தளர்ந்த பிறகுதான் அது சொத்தாயிற்று. வீரர்கள் பருத்ததால் இருவழி ஆட்டம் ஒழிந்தது என்று சொல்வதைவிட, இருவழி ஆட்டம் ஒழிந்ததால் வீரர்கள் பருத்தார்கள் என்பதே சரி.

பஞ்சம் திறந்த கதவு

இரண்டாம் உலகப் போர் லீக்கைக் காலியாக்கியது. லீக் ஆட்டங்களில் ஆடியவர்களில் 638 பேர் படையில் பணிபுரிந்தார்கள். அவர்களில் 21 பேர் போரில் உயிரிழந்தார்கள். 1943இல் பிட்ஸ்பர்க், பிலடெல்பியா ஆகிய இரு அணிகளும் ஆளின்றி ஒன்றாக இணைந்தன. ஸ்டீலர்ஸ், ஈகிள்ஸ் என்ற இரு பெயர்களையும் குழைத்து ‘ஸ்டீகிள்ஸ்’ என்று மக்கள் அழைத்த அந்த அணியின் வீரர்கள், போர்த் தளவாட ஆலைகளில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டே ஆடினார்கள். அணிப் பட்டியலின் வரம்பு 33இலிருந்து 28ஆகக் குறைக்கப்பட்டது. எஞ்சியவர்களில் பலர் வயதானவர்கள் அல்லது படைக்குத் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள். இவர்களை ஓய்வின்றி ஆடவைக்க முடியாது. அதனால்தான் யாரையும் எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுத்து, எப்போது வேண்டுமானாலும் திரும்ப அனுப்பலாம் என்ற விதி வந்தது.

முரண் இங்கேதான் இருக்கிறது. குறைந்த ஆட்களைக் கொண்டு ஆட்டத்தை ஓட்டக் கொண்டுவந்த விதிதான், பின்னாளில் 53 பேர் இல்லாமல் ஆடவே முடியாத ஆட்டத்தை உருவாக்கியது.

போர் முடிந்ததும் உரிமையாளர்கள் பின்வாங்கினார்கள். 1946இல் ஒரே நேரத்தில் மூன்று பேரை மட்டுமே மாற்றலாம் என்று கட்டுப்பாடு வந்தது. அந்த ஆண்டிலேயே பிட்ஸ்பர்க்கின் பில் டட்லி, ஓட்டத்திலும் இடைமறிப்பிலும் லீக்கின் முதல் இடத்தைப் பிடித்தார்; பழைய உலகம் திரும்பிவிட்டதாகத் தோன்றியிருக்கும். ஆனால் 1949இல் ஓராண்டுச் சோதனையாகக் கட்டற்ற மாற்றம் மீண்டும் வந்தது. 1950 ஜனவரியில் அது நிரந்தரமானது.

உரிமையாளர்களின் தயக்கத்துக்குக் காரணம் பணம். இரண்டு அணிகளை வைத்துக்கொண்டால் இரண்டு மடங்கு சம்பளம். விதி மாறிய பிறகும் 1950களின் பெரும்பகுதியில் அணிப் பட்டியல் 33ஐ ஒட்டியே இருந்தது. அதைப் பெருக்கும் துணிவைத் தொலைக்காட்சி தந்தது. 1962இல் சிபிஎஸ் நிறுவனத்தோடு லீக் செய்த ஒப்பந்தம் ஆண்டுக்கு 46.5 லட்சம் டாலர். 1964இல் அதுவே 1.41 கோடி டாலராக உயர்ந்தது. அதே 1964இல் பட்டியல் 40 பேராக விரிந்தது.

செலவுக்கு மறுபுறம் இருவழி ஆட்டத்தின் சேதமும் உண்டு. 1943 டிசம்பர் 26 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் பா முதலில் செய்த காரியங்களில் ஒன்று, தான் உதைத்த பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்த சிக்காகோவின் சிட் லக்மனை மடக்கப் போனது. அடிபட்டு மூளை அதிர்ச்சியோடு அவர் வெளியேற நேர்ந்தது. லக்மன் ஐந்து டச்டவுன் பாஸ்களை வீச, சிக்காகோ 41-21 என்று வென்றது. நாட்டின் தலைசிறந்த இரு பாஸ் வீச்சாளர்கள் ஒருவரையொருவர் மோதி வீழ்த்த வேண்டிய ஆட்டம் அது. டிக்கெட் விற்கும் நட்சத்திரத்தைப் பாதுகாக்க நினைக்கும் எந்த முதலாளியும் இதை நெடுநாள் பொறுத்துக்கொண்டிருக்க மாட்டார்.

மைதானம் வகுப்பறை ஆனது

விதி கதவைத் திறந்தது. உள்ளே நுழைந்தவர்கள் பயிற்சியாளர்கள். கல்லூரிகளில் 1941லேயே மாற்று விதி தளர்ந்திருந்தது. 1945 அக்டோபரில் மிஷிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஃபிரிட்ஸ் கிரைஸ்லர், தன்னைவிட வெகு வலிமையான ராணுவக் கல்லூரி அணியை எதிர்கொள்ளத் தாக்குதலுக்கும் தற்காப்புக்கும் தனித்தனிக் கூட்டங்களைப் பயன்படுத்தினார். 28-7 என்று தோற்றாலும் அவருடைய அணி எதிர்பார்த்ததைவிடத் தாக்குப்பிடித்தது. எதிரணிப் பயிற்சியாளர் ரெட் பிளைக் அந்த உத்தியைத் தானும் எடுத்துக்கொண்டு, படைப்பிரிவைக் குறிக்கும் ‘பிளாட்டூன்’ என்ற பெயரையும் சூட்டினார்.

தொழில்முறை ஆட்டத்தில் இதன் பொருளை முழுக்க உணர்ந்தவர் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியின் பால் பிரவுன். வீரர்களை வகுப்பறையில் உட்காரவைத்தார், குறிப்பேடு எழுதவைத்தார், படச்சுருள்களைப் போட்டுப் பிழை காட்டினார். ஒவ்வொரு முயற்சிக்கும் சென்டருக்குப் பக்கத்தில் நிற்கும் ‘கார்டு’ வீரர் ஒருவரைத் தூதராக உள்ளே அனுப்பி உத்தியைத் தானே சொல்லியனுப்பினார். கட்டற்ற மாற்றம் இல்லையென்றால் இது நடக்காது. 1950 செப்டம்பர் 16 அன்று, வேறொரு லீக்கிலிருந்து புதிதாகச் சேர்ந்த அவருடைய அணி, நடப்புச் சாம்பியனான பிலடெல்பியாவை 35-10 என்று வீழ்த்தியது.

அதற்குப் பின் பயிற்சியாளர் பணியும் இரண்டாகப் பிளந்தது. 1950களின் நடுவில் நியூயார்க் ஜெயன்ட்ஸில் தாக்குதலை வின்ஸ் லொம்பார்டி கவனித்தார், தற்காப்பை டாம் லேண்ட்ரி கவனித்தார். இருவரும் பின்னாளில் பேர்பெற்ற தலைமைப் பயிற்சியாளர்கள் ஆனார்கள். லேண்ட்ரியின் திட்டத்தில் மையத்தில் நின்ற சாம் ஹஃப் என்ற லைன்பேக்கர், 1959 நவம்பரில் ‘டைம்’ இதழின் அட்டைப்படத்தில் வந்தார். பந்தை ஏந்தாத ஒருவர் நாடறிந்த முகமாக முடிந்தது தனித்தேர்ச்சியின் காலத்தில்தான். அதே அணியின் எம்லென் டன்னல் தற்காப்பாளராக 79 இடைமறிப்புகளோடு வரலாற்றில் இடம்பிடித்தார். ஜெயன்ட்ஸ் அணியில் ஆடிய முதல் கறுப்பினத்தவரும் அவரே.

இப்படி ஆட்டத்தின் சுமை காலிலிருந்து தலைக்கு ஏறியது. இரு கூட்டங்களும் வாரம் முழுவதும் தனித்தனி அறைகளில், தனித்தனிப் படங்களைப் பார்த்து, தனித்தனிச் சங்கேதங்களை மனப்பாடம் செய்யும் நிலை வந்தபோது, ஒரு மனிதன் இரு அறைகளில் ஒரே நேரத்தில் இருக்க முடியாது என்பதே பெரிய தடையாயிற்று.

தானாக அமைந்த ஒரு சோதனை

திறமையுள்ள இருவழி வீரர்கள் கிடைக்காததால்தான் தொழில்முறை அணிகள் அவர்களைக் கைவிட்டனவா? இந்தக் கேள்விக்கு விடை காண வரலாறே ஒரு சோதனையை நடத்திவைத்திருக்கிறது. 1953இல் அமெரிக்கக் கல்லூரிகள் செலவைக் காரணம் காட்டிக் கட்டற்ற மாற்றத்தை ரத்து செய்தன. கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்து, 1960களின் நடுவில்தான் முழுமையாக நீங்கின. இடைப்பட்ட ஆண்டுகளில் கல்லூரி வீரர்கள் மறுபடியும் இருபுறமும் ஆடக் கற்றார்கள். அங்கும் பயிற்சியாளர்கள் சும்மா இருக்கவில்லை. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பால் டீட்செல் 1958இல் மூன்று தனிக் கூட்டங்களை மாற்றிமாற்றி இறக்கித் தேசியச் சாம்பியன் ஆனார். ஆயினும் பெரும்பாலோர் இருவழியிலேயே வளர்ந்தார்கள்.

ஆக, பத்தாண்டுக்கும் மேலாகத் தொழில்முறை அணிகளுக்கு வந்துசேர்ந்தவர்கள் இருவழியில் பயின்றவர்கள்தான். அவர்களை அந்த அணிகள் என்ன செய்தன? பால் ஹோர்னங் நோட்ர டாம் பல்கலைக்கழகத்தில் பாஸ் வீசும் குவார்ட்டர்பேக்காகவும் பின்வரிசைத் தற்காப்பாளராகவும் ஆடி, சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதை 1956இல் பெற்றவர். கிரீன் பேயில் அவருக்குத் தற்காப்பு வேலை தரப்படவில்லை. அங்கே 1960இல் 176 புள்ளிகள் குவித்தார். டிக் பட்கஸ் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சென்டராகவும் லைன்பேக்கராகவும் ஆடினார். மெல் ஹைன் பதினைந்து பருவங்கள் செய்த அதே இரட்டை வேலை. 1965இல் அவரை எடுத்த சிக்காகோ பேர்ஸ் அவரை லைன்பேக்கராக மட்டுமே நிறுத்தியது. தேர்ச்சி இருந்தது, உடல் இருந்தது, பழக்கமும் இருந்தது; அவற்றை வாங்கத்தான் ஆளில்லை. இருவழி வீரரை ஒழித்தது திறமைக் குறைவல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு இது புதிய கதையாகப் படாது. ஐபிஎல்லில் 2023இல் ‘இம்பாக்ட் பிளேயர்’ விதி வந்தபின், ஷிவம் துபே, வாஷிங்டன் சுந்தர் போன்றவர்களுக்குப் பந்துவீச வாய்ப்பே கிடைப்பதில்லை என்று ரோகித் சர்மா வெளிப்படையாகவே குறைபட்டார். மாற்றுவீரரை அனுமதித்த மறுகணமே, இரண்டும் ஓரளவு செய்பவரைவிட ஒன்றை நன்றாகச் செய்பவரின் விலை கூடிவிடுகிறது.

கடைசி மனிதர்

பிலடெல்பியா ஈகிள்ஸின் சக் பெட்னாரிக் இந்தக் கதையில் ‘கடைசி அறுபது நிமிட வீரர்’ என்று அழைக்கப்படுபவர். போரில் குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கி இயக்குநராக 30 முறை பறந்தவர். ஆட்டமில்லாத மாதங்களில் கான்கிரீட் விற்றவர். அதனால் ‘கான்கிரீட் சார்லி’. 1960இல் அவருக்கு வயது 35. சென்டராக ஆடிக்கொண்டிருந்தவரை, லைன்பேக்கர் ஒருவர் காயமடைந்ததால் அந்த இடத்துக்கும் அனுப்பினார்கள். நவம்பர் 20 அன்று நியூயார்க்கில் அவர் மோதிய மோதலில் ஜெயன்ட்ஸின் ஃபிராங்க் கிஃபர்ட் நினைவிழந்து விழுந்தார். அடுத்த பருவம் முழுவதும் கிஃபர்ட் ஆடவில்லை. டிசம்பர் 26 அன்று இறுதி ஆட்டம். லொம்பார்டி அப்போது பயிற்றுவித்த கிரீன் பே அணிக்கு எதிராக, பந்து உதைக்கும் தருணங்கள் தவிர ஏறக்குறைய முழு ஆட்டமும் பெட்னாரிக் களத்தில் நின்றார். கடைசி முயற்சியில் கிரீன் பேயின் ஜிம் டெய்லரைக் கோட்டுக்குப் பத்துக் கெஜத்துக்குள் மடக்கி, நேரம் முடியும் வரை எழவிடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஈகிள்ஸ் 17-13 என்று வென்றது.

வீரகாவியத்துக்கு ஏற்ற காட்சிதான். ஆனாலும் கவனிக்க வேண்டியது, 1960லேயே அது அதிசயமாகப் பார்க்கப்பட்டது என்பதுதான். மெல் ஹைன் காலத்தில் அன்றாடமாக இருந்தது இப்போது நாளிதழ்ச் செய்தி. பெட்னாரிக் ஒரு மரபின் வாரிசாக அன்று இருபுறமும் ஆடவில்லை. ஓர் ஆள் குறைந்ததால் ஆடினார்.

அதற்குப் பின் வந்த ஒவ்வொரு மறுவருகையிலும் இதே கைரேகைதான். 1996இல் டாலஸ் அணியின் மைக்கேல் இர்வின் முதல் ஐந்து ஆட்டங்களுக்கு இடைநீக்கம் செய்யப்பட்டபோது, தற்காப்பு நட்சத்திரம் டியான் சாண்டர்ஸ் பாஸ் பிடிக்கவும் அனுப்பப்பட்டார். அந்தப் பருவத்தில் 36 பாஸ்களைப் பிடித்தார். அடுத்த ஆண்டு அந்த வேலை சுருங்கிப்போனது. 2004இல் நியூ இங்கிலாந்து அணியின் பின்வரிசை காயங்களால் சிதைந்தபோது, பாஸ் பிடிப்பவரான டிராய் பிரவுன் தற்காப்புக்குப் போய் மூன்று இடைமறிப்புகள் செய்தார். 1985இல் சிக்காகோவின் பெருத்த வில்லியம் பெர்ரி பந்தோடு ஓடி டச்டவுன் எடுத்தது போன்றவை இன்னொரு வகை: ஓரிரு முயற்சிகளுக்கான தந்திரம், பாதி கேளிக்கை.

விதியின் கைவண்ணத்தை இன்னோர் இடத்திலும் காணலாம். 1987இல் தொடங்கிய உள்ளரங்கக் கால்பந்து லீக், எட்டு வீரர்களில் ஆறு பேர் இருபுறமும் ஆடியே தீர வேண்டும் என்று விதித்திருந்தது. இருபது ஆண்டுகள் அங்கே இருவழி வீரர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். 2007இல் அந்த விதி நீங்கியது. அங்கும் தனித்தேர்ச்சி வந்துவிட்டது.

ஹன்டர் என்னும் புதிய கேள்வி

டிராவிஸ் ஹன்டர் இந்த வரிசையில் வேறுபட்டவர். கொலராடோ பல்கலைக்கழகத்தில், அதே டியான் சாண்டர்ஸின் பயிற்சியில், 2024இல் 96 பாஸ்களைப் பிடித்து 15 டச்டவுன்கள் எடுத்தார். தற்காப்பில் நான்கு இடைமறிப்புகள். ஹைஸ்மன் விருதோடு, சிறந்த பாஸ் பிடிப்பாளருக்கான விருதும், பெட்னாரிக் பெயரிலேயே உள்ள சிறந்த தற்காப்பு வீரர் விருதும் ஒரே ஆண்டில் அவருக்குக் கிடைத்தன. 2025இல் ஜாக்சன்வில் அணி, தன் அடுத்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வு உரிமையையும் சேர்த்துக் கொடுத்து, இரண்டாவது ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்தது. இருபுறமும் ஆடவைப்பதற்கென்றே ஒருவரை இவ்வளவு விலைகொடுத்து வாங்கியதுதான் புதிது. பெட்னாரிக்கும் சாண்டர்ஸும் பற்றாக்குறையில் பிறந்த இருவழி வீரர்கள்; ஹன்டர் திட்டமிட்டு எடுக்கப்பட்டவர்.

முதல் பருவத்தில் அவருடைய நேரம் தாக்குதலிலேயே அதிகம் கழிந்தது. அக்டோபர் 19 அன்று லண்டனில் நடந்த ஆட்டத்தில் எட்டுப் பாஸ்களைப் பிடித்து 101 கெஜம் எடுத்தார். மாத இறுதியில் பயிற்சியின்போது முழங்காலில் காயம்பட்டு, ஏழு ஆட்டங்களோடு அவர் பருவம் முடிந்தது. பயிற்சியில் பட்ட காயத்தை இருவழி ஆட்டத்தின் தலையில் கட்டுவது நியாயமாகாது. ஆனால் அந்தக் காயம் ஒரு கணக்கை வெளிச்சம் போட்டது: இருவழி வீரர் ஒருவர் விழுந்தால் அணி இரண்டு ஆட்களை இழக்கிறது. 53 பேருக்குள் இரண்டு இடத்தை ஒருவர் நிரப்பினால் மிச்சமாவது ஓர் இடம். அவர் விழுந்தால் போவது இரண்டு.

ஹன்டரின் இரு வேலைகளும் தற்செயலாகச் சேர்ந்தவை அல்ல என்பதையும் பார்க்க வேண்டும். பாஸ் பிடிப்பவரும், அவரை நிழல்போல் தொடரும் கார்னர்பேக்கும் ஒரே உடலமைப்புக் கொண்டவர்கள்: மெலிந்த, விரைவோட்டக்காரர்களின் உடல். ஒருவர் அறிந்த ஓட்டப்பாதைகள்தான் மற்றவர் முறியடிக்க வேண்டியவையும். தனித்தேர்ச்சி மற்ற ஜோடிகளையெல்லாம் பிரித்துவிட்ட பிறகும் இந்த ஜோடி மட்டும் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. சென்டரும் லைன்பேக்கரும் இனி ஓருடலில் சேரமாட்டார்கள். முதலாமவர் இன்று 136 கிலோவைத் தாண்டியவர், இரண்டாமவருக்கு அந்த எடை ஆகாது. பெட்னாரிக் சென்ற பாதை அடைபட்டுவிட்டது. ஹன்டர் செல்லும் பாதை குறுகலாக இருந்தாலும் திறந்திருக்கிறது.

இழந்தது என்ன, பெற்றது என்ன என்ற கணக்கை உணர்ச்சியில்லாமல் போட வேண்டும். தனித்தேர்ச்சி ஆட்டத்தின் தரத்தை உயர்த்தியது. ஒவ்வோர் அணியிலும் மேலும் பலருக்குப் புதிதாக வாழ்வளித்தது. டன்னலையும் ஹஃபையும் போன்றவர்களைப் புகழுக்குக் கொண்டுவந்தது. விலையாக, ஆட்டத்தின் இரு பக்கத்தையும் உள்ளிருந்து அறிந்த வீரரை இழந்தோம். அந்த முழு அறிவு இப்போது களத்துக்கு வெளியே, பயிற்சியாளர்களிடம் இருக்கிறது. 1967இல் கான்டனிலுள்ள தொழில்முறைக் கால்பந்துப் புகழரங்கில் சேர்க்கப்பட்டவர்களில் பெட்னாரிக்கும் இருந்தார், டன்னலும் இருந்தார், பால் பிரவுனும் இருந்தார். இருவழியின் கடைசி ஆள், தனித்தேர்ச்சியின் முன்னோடி, அதை அமைப்பாக்கிய பயிற்சியாளர். மூவரையும் ஒரே மூச்சில் கொண்டாடிய அந்த அரங்கு, எது சிறந்த ஆட்டம் என்று தீர்ப்புச் சொல்லவில்லை.

ஹன்டரைப் போன்ற இன்னும் சிலர் வரலாம். ஆனால் அவர்களின் வருகையை அவர்களுடைய மூச்சுத் திறன் முடிவுசெய்யாது. தாக்குதல் அறையும் தற்காப்பு அறையும் ஒரு வீரரின் வாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளச் சம்மதிக்கின்றனவா, ஒரே காயத்தில் இரண்டு இடங்களை இழக்கும் துணிவு கிளப்புக்கு இருக்கிறதா என்பவைதான் முடிவுசெய்யும். 1950இல் மாற்றுவீரர் விதி மாறியதிலிருந்து கேள்வி நிர்வாகத்திடம்தான் இருக்கிறது. பதிலும் அங்கிருந்துதான் வர வேண்டும்.